கருங்காலியா, ஈட்டியா

கோயமுத்தூர் வாத்தியக் கடையில் மிச்சமிருந்தது இரண்டே கிளாரினெட். ஒன்று கருங்காலி, இன்னொன்று ஈட்டி மரம். காலேஜ் பேண்டுக்கு வாங்கப் போன எனக்குக் கருங்காலி மேல்தான் கண். ஆனால் எனக்கு முன்னாலேயே சிவப்புக் கோட்டும் தொப்பையுமாக ஒரு கல்யாண பேண்டுக்காரர் நின்றிருந்தார். எதை ஊதினாலும் ஒரு கண்ணை மூடிக்கொள்வார். இரண்டையும் ரோட்டுக்கே கொண்டுபோய், மேட்டுப்பாளையம் பஸ்ஸின் ஹாரனுக்கு எதிராக ஊதிப் பார்த்தார். ஈட்டி அமுங்கிப்போனது. கருங்காலி ஹாரனையே ஜெயித்தது. கண்டக்டர் கைதட்டினார்.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மனுஷன் ஈட்டியை எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, கருங்காலிதானுங்களே கணீர்னு கேட்டுச்சு?"

"கல்யாணம் என்னிக்கோ ஒரு நாளுங்க தம்பி. ப்ராக்டீஸ் தெனமும் ஊட்டுலதானுங்க. கருங்காலிய ஊதுனா எங்க ஊட்டுக்காரம்மா என்னையத் தொரத்திப்போடுமுங்க."

அது நிஜமா, என் வாடின மூஞ்சியைப் பார்த்துச் சொன்ன சாக்கா, இன்றுவரை எனக்குத் தெரியாது.