அளக்காமல் கொடுத்த பூட்ஸ்

1. திங்கட்கிழமை

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் குளிர்காலம். பார்சிப்பனி நெடுஞ்சாலையோரம் நான் வேலை பார்த்த, பனிச்சறுக்குச் சாமான்கள் விற்கும் ஸ்கீ கடையில் ஒரு திங்கட்கிழமை, கதவைத் திறந்து அரைமணி நேரம் ஆவதற்குள், வாடகைக்குப் போயிருந்த ஒரு ஜோடி பூட்ஸ் திரும்பி வந்தது. எடுத்துப்போன செந்தில் வரவில்லை. அவருடைய அலுவலக நண்பர் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். சனிக்கிழமை மலைச்சரிவில் செந்தில் விழுந்துவிட்டதாகவும், வலது கணுக்காலில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருப்பதாகவும் சொன்னார். நாங்கள் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். பூட்ஸுக்குள் குதிகால் நிற்கவில்லை என்று செந்தில் காலையிலிருந்து கிளிப்புகளை இறுக்கிக்கொண்டே இருந்தாராம்.

முதலாளி ராய் வாடகைப் படிவத்தை எடுத்துப் பார்த்தார். அளவு 27. ‘பொருத்தம் பார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் என் கையெழுத்து.

“உள்ளுறையைக் கழற்றிவிட்டுக் கால் வைத்துப் பார்த்தாய் அல்லவா?” என்று கேட்டார்.

“பார்த்தேன்” என்றேன்.

அது பொய்.

2. ஷெல் ஃபிட்

சென்னையில் ஒரு நாளிதழில் பன்னிரண்டு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். அக்கா மூலம் கிரீன் கார்டு கிடைத்து நியூ ஜெர்சி வந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. தலைப்பு எழுதத் தெரிந்தவனை இங்கே யாரும் தேடவில்லை. ராய்க்கு குளிர்காலத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் அதற்கு முன் பனியையே பார்த்ததில்லை. அவருக்கு அது பொருட்டாக இல்லை. கவனமாகப் பார்க்கிறவனாக இருந்தால் போதும் என்றார்.

இளையவர்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கீ பூட்ஸ் இரண்டு பாகம். வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, அதுதான் ஷெல். உள்ளே மெத்தென்ற உறை. வாடிக்கையாளரை உட்காரவைத்து, காலுறையைக் கழற்றி, இரும்புத் தட்டில் இரண்டு பாதங்களையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். உறையை உருவிவிட்டு வெறும் காலை ஷெல்லுக்குள் விடச் சொல்ல வேண்டும். கால்விரல் நுனி முன்பக்கம் தொடும்போது, குதிகாலுக்குப் பின்னால் நம் கைவிரல் ஒன்றரை, புதியவர் என்றால் இரண்டு, நுழையலாம். அதற்கு மேல் இடம் இருந்தால் பூட்ஸ் பெரிது. பிறகு ஒரே ஒரு மெல்லிய காலுறையோடு முழுசாகப் போட்டு, குதிகாலைப் பின்னால் தட்டி, கணுக்கால் கிளிப்பை முதலில் மாட்டி, முழங்காலை மடக்கச் சொல்ல வேண்டும். மடக்கும்போது விரல்கள் முன்சுவரை விட்டுச் சற்றே விலக வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. கடையில் சொகுசாக இருக்கிற பூட்ஸ் மலையில் கால் சொன்னபடி கேட்காது. கால் திரும்பும், அடியிலுள்ள ஸ்கீ பலகை திரும்பாது.

வாடிக்கையாளர் சொல்கிற ஷூ அளவைப் படிவத்தில் எழுதவே கூடாது என்பார் ராய். அது வாடிக்கையாளர் கேள்விப்பட்ட செய்தி, அவ்வளவுதான்.

இவ்வளவையும் மண்டியிட்டுத்தான் செய்ய வேண்டும். கையில் பிறர் பாதம் இருக்கும். முதல் வாரம் எனக்கு உடம்பு கூசியது. பிறகு பழகிவிட்டது. அமெரிக்கர்களின் கால் எனக்கு வெறும் அளவாகிவிட்டது. ஆனால் பொங்கல் விழாவிலும் கோயிலிலும் தமிழர்கள் விசாரித்தால், ஸ்போர்ட்ஸ் எக்விப்மென்ட் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லி வந்தேன்.

3. வியாழக்கிழமை

அந்தக் கம்பெனிக்குத்தான் வியாழக்கிழமை மாலை செந்தில் வந்து நின்றார். பொள்ளாச்சிக்காரர், வயது இருபத்தெட்டு, என் அபார்ட்மென்டில் அடுத்த கட்டடம். மனைவி கவிதாவோடு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பொங்கல் விழாவில் என் பத்திரிகை நாட்களைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டவர். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு என் ஏப்ரனையும், முழங்காலில் கட்டியிருந்த பஞ்சு உறையையும் பார்த்தார். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் வேறு பக்கம் திரும்பினார்.

“ஏனுங்ண்ணா, இங்கயா இருக்கறீங்க? சனிக்கெழம ஆபீஸ்ல எல்லாரும் போக்கனோ மலைக்குப் போறோமுங்க. பூட்ஸ் ரென்ட் பண்ணோணும்.”

பெஞ்சைக் காட்டினேன். உட்கார்ந்தார். நான் இரும்புத் தட்டை எடுத்து ஒரு முழங்காலை மடக்கினேன். அவர் துள்ளி எழுந்துவிட்டார்.

“அய்யோ, வேண்டாமுங்ண்ணா. நீங்க போயி என் காலப் புடிக்கறதா? சைஸ் நைன் தானுங்க. குடுங்க, நானே போட்டுக்கறேன்.”

அமெரிக்கர் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்து உட்காரவைத்திருப்பேன். அன்று எனக்குள் வந்தது நிம்மதி. அதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒன்பதுக்கு 27 என்று அட்டவணை சொன்னது. எடுத்துக் கொடுத்தேன். அவர் தடித்த காலுறை இரண்டு போட்டு அதன் மேல் மாட்டினார். எழுந்து நடந்து பார்த்து, சூப்பரா இருக்கு என்றார். நான் நின்றபடியே படிவத்தை நிரப்பி, பார்க்காத பொருத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் பத்து நிமிடம் தமிழ்நாட்டு அரசியல் பேசினோம்.

எனக்குத் தெரிந்திருந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செருப்புப் போட்டு வளர்ந்த நம் கால்கள் முன்பக்கம் அகலமாக விரிந்தவை. ஷூ வாங்கும்போது அகலத்துக்காக நீளத்தைக் கூட்டி வாங்குகிறோம். ஒன்பது போடுகிற தமிழருக்குப் பல சமயம் ஏழரைதான் கால். என் காலும் அப்படித்தான். அகல வார்ப்பு பூட்ஸ் பின்னறையில் தனி வரிசையில் இருந்தது.

4. முட்டி உறை இல்லாமல்

திங்கள் மாலை ராய் வீட்டுக்குப் போகவில்லை. பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கை அவர்தான் திருகி அமைத்திருந்தார். விழும்போது அது கழன்றிருக்க வேண்டும், தன் கணக்குத் தவறியிருக்கும் என்று நினைத்து, அதைச் சோதனைக் கருவியில் மாட்டி மூன்று முறை இழுத்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று எண்களைப் படித்துச் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தன. அவர் நான்காம் முறை மாட்டினார். அப்போதும் நான் எண்களை மட்டுமே படித்தேன்.

மறுநாள் செந்தில் வீட்டுக்குப் போனேன். வலது கால் சோபாவில் தலையணை மேல் இருந்தது. இரண்டு மாதம் கார் ஓட்டக் கூடாது. கவிதாவுக்கு லைசென்ஸ் இல்லை. பஸ்ஸும் இல்லாத ஊர். கிளையன்ட் வேறு ஆளைக் கேட்கலாம் என்று அலுவலகத்தில் பேச்சு. புராஜெக்ட் போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இதையெல்லாம் கவிதாதான் சொன்னார். செந்தில், தனக்கு பேலன்ஸ் போதவில்லை என்றும், பூட்ஸ் நன்றாகத்தான் இருந்தது என்றும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்காகச் சொல்கிறார் என்று புரிந்தது.

இடது காலைத் தரையில் வைத்திருந்தார். நான் கீழே உட்கார்ந்து, கொண்டு போயிருந்த டேப்பால் அதை அளந்தேன். இந்த முறை அவரால் எழ முடியவில்லை. இருபத்தைந்தரை.

“பூட்ஸ் ஒன்றரை சைஸ் பெரிசு, செந்தில். நான் பாக்கவே இல்ல. பாத்தேன்னு கையெழுத்து மட்டும் போட்டேன்.”

அவர் டேப்பை வாங்கி அந்த எண்ணைப் பார்த்தார்.

“ஏனுங்ண்ணா பாக்கல?”

“உங்க முன்னாடி மண்டி போட வெக்கமா இருந்துச்சு.”

“எனக்கும்தானுங்க. நீங்க கீழ உக்காந்தா நான் எப்படிங்க மேல உக்காந்திருக்கறது?”

கவிதா காபி டம்ளரை என் பக்கத்தில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“உங்க ரெண்டு பேரு வெக்கத்துக்கும் இந்த ஒரு காலுதான் கெடச்சுதுங்களா?”



5. பிறகு

புதன் காலை ராயிடம் சொன்னேன். படிவத்தை என்னிடம் கொடுத்து, என் கையெழுத்தை அடித்துவிட்டு நடந்ததைக் கீழே எழுதச் சொன்னார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க நான் பொருத்திய ஒவ்வொரு பூட்ஸையும் அவரே இன்னொரு முறை விரல் விட்டுப் பார்த்தார். வாடிக்கையாளர்கள் முன்னால்தான்.

ஒன்பது வாரம் செந்திலை அலுவலகத்துக்கு நான் காரில் கொண்டுபோய் விட்டேன். புராஜெக்ட் தப்பியது. கணுக்கால் எலும்பு கூடியது, ஆனால் கால் முழுசாக மடங்கவில்லை. அவர் மரியாதையில் குறை வைக்கவில்லை. பத்திரிகை நாட்களைப் பற்றி மட்டும் அதன் பிறகு கேட்கவில்லை.

அந்தக் கடையில் இன்னும் பதினோரு குளிர்காலம் இருந்தேன். தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வரத் தொடங்கின. எல்லாருமே முதலில் கால்களை உள்ளிழுத்துக்கொள்வார்கள். வயதில் மூத்தவர்கள் எழுந்தே நின்றுவிடுவார்கள். “உக்காருங்க சார், இது என் வேலை” என்று சொல்லிக்கொண்டே மண்டியிட்டுவிடுவேன். கூச்சம் கடைசி வரை போகவில்லை. அது போனபிறகு குனியலாம் என்று நினைத்தது என் தவறு. கூச்சம் இருக்கும்போதே குனிந்து, இரண்டு காலையும் அளக்க வேண்டும்.