மூச்சு முப்பத்திரண்டு

ஜூன் பிறந்தால் வீணாவுக்குச் சாப்பாடு இறங்காது. ஜீவனஹள்ளியில் அவள் பாடம் சொல்லும் நர்சிங் பள்ளிக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி கிடையாது. மாடியில் மூன்று வகுப்பறை, ஒரு பிளாஸ்டிக் பொம்மை நோயாளி, அவ்வளவுதான். பிள்ளைகள் தொழில் பழகுவதெல்லாம் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தனியார் ஆஸ்பத்திரியில். அதற்கு வருடா வருடம் ஒப்பந்தக் கடிதம் வாங்க வேண்டும். கடிதம் இல்லையென்றால் வார்டு இல்லை. வார்டில் நின்ற மணிக்கணக்கு ஜூலைக்குள் நிரம்பாவிட்டால், கடைசி வருடப் பெண்கள் இருபத்துநாலு பேரும் பரீட்சைக்கு உட்கார முடியாது.

ஒருமுறை அப்படி நடந்தும் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் வேறோர் ஆஸ்பத்திரி, தானே கல்லூரி தொடங்கிக்கொண்டு, இவர்களை நடு வருடத்தில் கழற்றிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் வீணாய்ப் போயிற்று. இரண்டு பேர் படிப்பையே விட்டார்கள். அதில் ஒருத்தி கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் துணிக்கடையில் நிற்கிறாள். வீணா அந்தப் பக்கமே போவதில்லை.

வீணா மர்பி டவுனில் பிறந்தவள். அம்மா லட்சுமம்மா பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவர். வீணா இதே பள்ளியில் படித்து, பதினோரு வருடம் வார்டுகளில் நின்று, காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகு பாடம் சொல்ல வந்தாள். காலையில் பிள்ளைகளை அழைத்துப்போய் அவர்கள் பக்கத்தில் நிற்பது வேலை. அங்கே கட்டில் ஆஸ்பத்திரியுடையது, நோயாளி ஆஸ்பத்திரியுடையவர், சார்ட்டும் ஆஸ்பத்திரியுடையது. தப்பு நடந்தால் மட்டும் அது வீணாவின் பிள்ளைகளுடையது.

கடிதம் கையெழுத்தாக வேண்டிய செவ்வாய்க்கிழமை, காலை எட்டரைக்கு வார்டில் ஷில்பா பக்கத்தில் வந்து நின்றாள். ஒக்கலிபுரத்துப் பெண், கடைசி வருடம், தரையைப் பார்த்தே பேசுகிறவள்.

"மிஸ், பதினாலாம் பெட் தாத்தாவுக்கு மூச்சு முப்பத்திரண்டு வருது."

"சரியா எண்ணினியா?"

"முழு நிமிஷம். ரெண்டு தடவை. சார்ட்ல எழுதிட்டேன் மிஸ்."

நிமிடத்துக்கு இருபதைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. மூச்சை மட்டும் நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணியாக வேண்டும். முப்பது கட்டிலுக்கு அரைமணி நேரம் யாரிடம் இருக்கிறது? அதனால் அந்தக் கட்டத்தில் எல்லாருக்கும் இருபது என்று போட்டுவிடுவார்கள். வீணாவும் போட்டிருக்கிறாள். பள்ளியில் முழு நிமிடம் எண்ணச் சொல்லுவாள். வார்டில் யாராவது இருபது போட்டால் பார்க்காத மாதிரி நகர்ந்துவிடுவாள்.

பதினாலாம் கட்டிலில் ஆதிகேசவன், இடுப்பெலும்பு ஆபரேஷனாகி மூன்றாம் நாள். சார்ட்டில் வரிசையாக ஏழு இருபது. கடைசி இருபது காலை ஆறு மணிக்கு. அதன்கீழே ஷில்பாவின் முப்பத்திரண்டு.

"பெரிய டீச்சரே... வந்துட்டாங்கோ," என்றார் அவர். "நான்... ஃபெயிலா?"

நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வீணா நெஞ்சைப் பார்த்தாள். முப்பத்துநாலு.

வார்டு இன்சார்ஜான ஆண் நர்ஸ் ரவி பின்னாலேயே வந்திருந்தான். "பாத்ரூம் போய்ட்டு வந்திருப்பாரு மேடம். பத்து நிமிஷத்துல இறங்கிடும்."

"அவரு எழுந்தே மூணு நாளாச்சு பிரதர். டாக்டரைக் கூப்பிடுங்க."

"கூப்பிடறேன், யாரு இல்லேன்னாங்கோ?" புதுத்தாள் ஒன்றை அவள் கையில் வைத்தான். "அதுக்குள்ள அந்தப் பொண்ணு இதுல நீட்டா காப்பி பண்ணிடட்டும். ஆறு மணிக்கே இருபத்தெட்டுன்னு இருக்கட்டும், திடீர்னு ஏறின மாதிரி தெரியக்கூடாது. இன்னிக்கு உங்க லெட்டர் வேற இருக்குல்ல?"

அவன் மிரட்டவில்லை. நல்லது சொல்வதாகவே நினைத்தான். நோயாளிக்கு வைத்தியம் நடக்கப்போகிறது, மாறுவது ஒரு தாள் மட்டுந்தான். வீணாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஷில்பா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வீணாவின் முகத்தையே பார்த்தாள்.

டாக்டர் வந்தார். ஆக்சிஜன் அளவு எண்பத்தாறு. நுரையீரலுக்கு ரத்தக்கட்டு போயிருக்கலாம் என்று சொல்லி ஐ.சி.யு.வுக்கு மாற்றச் சொன்னார். கட்டில் உருண்டபோது அந்த சார்ட் இருந்த ஃபைலும் ஆதிகேசவனின் காலடியில் போயிற்று. புதுத்தாள் எழுதப்படாமல் வீணாவின் கையிலேயே இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியின் நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் லவினா கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஒப்பந்தக் கடிதம் கிடந்தது. இன்னும் கையெழுத்தாகவில்லை.

"ஆறு மணிக்கு இருபது, எட்டரைக்கு முப்பத்திரண்டு. நடுவுல ஏனாய்த்து, என்ன ஆச்சுன்னு பெரிய டாக்டர் என்னைக் கேக்கறாரு. இருபது போட்ட மூணு ஸ்டாஃப் உட்கார்ந்து விளக்கம் எழுதிட்டிருக்காங்க, வீணா."

"அவ எண்ணினதை எழுதினா, மேடம்."

"தெரியும். நானும் ஐ.சி.யு.வுக்குப் போய் எண்ணிட்டுத்தான் வந்தேன்."

லவினா பேனாவை எடுத்துக் கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தார். மாணவிகள் நோயாளியின் சார்ட்டில் எழுதக்கூடாது, தங்கள் நோட்டில் மட்டுமே எழுதலாம்.

"இதுக்கு ஒத்துக்கிட்டா ஒரு வருஷம். இல்லேன்னா கமிட்டிக்கு அனுப்பணும். அவங்க ஆகஸ்ட்லதான் கூடுவாங்க."

ஆகஸ்ட் என்றால் பரீட்சை இல்லை. வீணா அந்த வரியை மறுபடி படித்தாள். நோட்டைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். இனி அவர்கள் என்ன பார்த்தாலும் டாக்டர் கண்ணில் படாது.

"எதாவது தப்பா தெரிஞ்சா ஸ்டாஃப் வந்து எண்ணி எழுதணும்னு அதையும் சேர்த்துடுங்க மேடம்."

"சொல்லி வைக்கிறேன். எழுத மாட்டேன்."

வீணா பள்ளியின் சார்பில் கையெழுத்துப் போட்டாள். பேரின் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று.

மறுநாள் காலை, ஆதிகேசவனுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்று ஐ.சி.யு.விலிருந்து தகவல் வந்தது. பிள்ளைகள் எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டே போனார்கள். வீணா அவர்கள் பின்னாலேயே ஒவ்வொரு கட்டிலாக நின்று, தானும் எண்ணினாள். ஒன்பதாவது கட்டிலில் இருபத்தெட்டு. மறுபடி எண்ணினாள். அதேதான்.

ரவி மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான்.

"பிரதர், ஒன்பதாம் பெட். வந்து எண்ணிடுங்க."

"வைங்க மேடம், பார்க்கறேன்."

"இப்பவே."

அவன் தலையைத் தூக்கவில்லை. வீணாவும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.