குடையின் பின்னால் ஹந்தானை உச்சிக்கு

யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் பனையைவிட உயரமான எதையும் அதுவரை பார்த்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கலியாணமான புதிதில், அரசாங்க அலுவலகமான கண்டிக் கச்சேரியில் வேலை பார்த்த என் கணவர் என்னை ஹந்தானை மலைக்கு அழைத்துப் போனார். தேயிலைச் செடிகள் முடியும் இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாலை ஏலாது. நீங்கள் மட்டும் போயிட்டு வாங்கோ."

"இன்னும் கொஞ்சம்தான், எழும்பும்" என்று கெஞ்சினார். நான் அசையவில்லை.

அப்போது வெள்ளையாக ஏதோ எங்களை மூடியது. மழைதான் என்று, அப்பா வாங்கித் தந்த புதுக்குடையை அவசரமாக விரித்தேன். அது மழையல்ல, மேகம். கூடவே வந்த காற்று குடையைப் பிடுங்கி மலைச்சரிவில் மேல்நோக்கி வீசியது.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "விட்டுறாதீங்கம்மா, ஓடுங்க!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். குடை புல்லில் உருண்டது, நின்றது, நான் நெருங்கியதும் மறுபடி எழுந்து ஓடியது. கடைசியில் ஒரு பாறையில் சிக்கியபோது பாய்ந்து பிடித்தேன். நிமிர்ந்தால், அதற்குமேல் ஏற மலையே இல்லை! மேகம் விலகியது. கண்டிக் குளம் உள்ளங்கைத் தண்ணீராகக் கீழே மின்னியது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த கணவர், "ஏலாதெண்டு சொன்னது ஆர்?" என்றார். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

அதன்பிறகு எந்த உயரத்தையும் அண்ணாந்து பார்த்து நான் மலைத்ததில்லை. எனக்கு முன்னால் ஓடும் குடை எங்கே என்றுதான் தேடுவேன்.