கினுயேவின் மத்தியானத் தூக்கம்

எங்கள் துறைமுகத்தில் கினுயேவைப் பார்க்காதவர் கிடையாது. அவள் உட்கார்ந்து பார்த்தவரும் கிடையாது. மீன் சந்தைக்குப் பின்சந்தில், நாலு பூனை கால் நீட்டிப் படுத்தால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு சுஷிக் கடை. ஒரே ஒரு நீளப் பலகை. அதற்கு இந்தப் பக்கம் எட்டு நாற்காலி, அந்தப் பக்கம் அவள் புருஷன் யாசுஜி. மீனை அறுப்பதும், வினிகர் சாதத்தைக் கையில் பிடித்து அதன்மேல் மீன் துண்டை வைப்பதும் யாசுஜியின் பொறுப்பு. மிச்சமிருக்கிற உலகம் முழுக்கக் கினுயேவின் பொறுப்பு.

அவள் மலைப் பக்கத்து முடிதிருத்துகிறவர் மகள். கல்யாணப் பேச்சு நடந்தபோது தரகுக்காரி, “சுஷிக் கடைக்கு வாழ்க்கைப்படறது ராணி உத்தியோகம்மா. சிரிச்சுக்கிட்டே டீ ஊத்தினா போதும்” என்று சொல்லியிருக்கிறாள். டீ ஊற்றுவது மட்டும் உண்மை. அவள் இதுவரை ஊற்றிய டீயை ஒன்றாகச் சேர்த்தால் அதில் மீன்பிடிக் கப்பல் ஒன்றைத் தாராளமாக மிதக்கவிடலாம். அரிசியைக் கழுவுவது, வெந்த சாதத்தில் வினிகர் கலந்து ஆறுகிறவரை விசிறுவது, சோயா விழுதில் மிசோ சூப் வைப்பது, கை துடைக்கிற சுடுதுணி, காரமான பச்சை வாசாபிக் கிழங்கைத் துருவுவது, கிண்ணம் கழுவுவது, பலகையைத் துடைப்பது, துடைத்த பலகையை யாசுஜி விரலால் தடவிப் பார்த்துவிட்டு “ம்” என்று சொன்ன பிறகு மறுபடியும் துடைப்பது. இதெல்லாம் தரகுக்காரியின் ஞாபகத்துக்கு வரவில்லை போலிருக்கிறது.

மகன் பெரிய ஊரில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வருஷப் பிறப்புக்கு வருவான், தின்பான், தூங்குவான், போவான். அவன் தூங்குவதைக் கினுயே வாசற்படியில் நின்று, மற்றவர்கள் கோயிலைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள்.

ஏனென்றால் அவளுக்குத் தூக்கம் ஒன்றுதான் சொத்து. கடை பதினோரு மணிக்குத் திறக்கும், மத்தியானம் இரண்டுக்கு மூடும், மறுபடி சாயங்காலம் ஐந்துக்குத் திறக்கும். இரண்டடித்ததும் வாசலில் கழியில் தொங்குகிற நீலத் துணித்திரையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, கினுயே மாடியறைக்குப் போய் விழுவாள். படுப்பாள் என்று சொன்னால் பொய். சந்தையில் தூக்கிப் போட்ட சூரை மீன் மாதிரி விழுவாள். அந்தத் தூக்கம் இருந்தால் சாயங்காலம் அவள் கால்கள் அவளுடையவை. இல்லாவிட்டால் யாரோ எதிரியுடையவை.

அந்தத் தூக்கத்தில்தான் குராமோச்சி ஐயா வந்து விழுந்தார்.

குராமோச்சி ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். எங்கள் ஊர் வழியாகப் போகிற ஒற்றைப் பெட்டி ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டியே முதுகு நிமிர்ந்துபோன மனுஷர். சென்ற வருஷம் மனைவி தவறிவிட்டார். இலையுதிர் காலக் கடைசியில் ஒருநாள், கினுயே திரையைக் கழற்றக் கையைத் தூக்கிய அதே நிமிஷம், திரைக்குக் கீழே அவருடைய வழுக்கைத் தலை நுழைந்தது.

“உள்ளே வரலாங்களா? தொந்தரவு இல்லியே?”

“என்னங்க தொந்தரவு! வாங்க, வாங்க!” என்றாள் கினுயே. அவள் வாய்க்கும் அவளுக்கும் உறவு அறுந்து பல வருஷமாகிறது. கடைவாசலில் அது தன் பாட்டுக்குப் பேசும்.

வந்தவர் உட்கார்ந்தார். மனுஷர் சும்மா சொல்லக்கூடாது, சூரையின் கொழுத்த வயிறு, கடல் முள்ளெலியின் முட்டை என்று உசத்தியாகத்தான் கேட்டார். ஆனால் சாப்பிடுகிற வேகம் இருக்கிறதே! ஒரு சுஷியை வாயில் போட்டுவிட்டு அது வயிற்றை அடைந்ததாகத் தந்தி வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்பார். கோப்பை காலியானால் டீ ஊற்றாமல் இருக்க முடியாது. டீ ஊற்றினால் அவர் குடிக்காமல் இருக்கமாட்டார். அவர் எழுந்தபோது நாலரை.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, ரயில் தவறினாலும் அவர் தவறவில்லை. மூன்று வாரமாகக் கினுயேவின் கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளில் ஒரு வாரத்துக்கு வேண்டிய அரிசியைக் கட்டலாம். ஒருநாள் டீயை மிசோ கிண்ணத்தில் ஊற்றினாள். ஒருநாள் நாற்காலியைப் பார்த்து “வாங்க, வாங்க” என்றாள்.

“ஏங்க, ரெண்டு மணிக்குக் கடை மூடுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, நாக்கு தேஞ்சுடுமா?” என்று யாசுஜியிடம் கேட்டாள்.

“பொண்டாட்டி போன மனுஷன். வீட்ல தனியா சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருப்பார். எந்த மூஞ்சியோட சொல்றது?”

“சரிதான். நானும் போயிடறேன். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்தே சுவத்தைப் பாருங்க. பொழுது நல்லாப் போகும்.”

“நீ வேணா சொல்லேன்.”

“நான் சொன்னா கடை மரியாதை கப்பலேறிடும்னு குதிப்பீங்களே.”

யாசுஜி கத்தியைத் தீட்டப் போய்விட்டார். பதில் இல்லாதபோதெல்லாம் தீட்டித்தீட்டி அந்தக் கத்தி இப்போது பல்குச்சி அளவுக்கு வந்திருக்கிறது.

குளிர்கால இடி இடித்தது. இடி இடித்தால் எங்கள் விரிகுடாவில் புரி மீன் இறங்கும். புரி இறங்கினால் அதைத் தின்ன நகரத்து ஆட்கள் மொத்தமும் இறங்குவார்கள். அன்றைக்கு மத்தியானம் சந்து முனை வரைக்கும் குடையும் கையுமாக வரிசை. கினுயே அந்த எட்டு நாற்காலிக்கும் பாத்திரத் தொட்டிக்கும் நடுவில் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் டோக்கியோ போய்ச் சேர்ந்திருப்பாள். கடைசிக் கூட்டம் வெளியேறியது. பலகையைத் துடைத்தாள். திரையைக் கழற்றக் கையைத் தூக்கினாள்.

வழுக்கைத் தலை நுழைந்தது.

“தொந்தரவு இல்லியே?”

அவருக்கு டீ ஊற்றினாள். புரி மீன் சுஷி முதல் ஜோடி அவர் முன்னால் வந்தது. காலுறை நழுவியிருக்கிறது, ஒரே ஒரு நிமிஷம் சரி செய்துகொள்ளலாம் என்று கினுயே பலகையின் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வாடிக்கைக்காரர் நாற்காலி இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. காலுறையைத் தொடக் குனிந்த தலை வழியிலேயே பலகையில் இறங்கிவிட்டது.

அவளை எழுப்பியது அவளுடைய குறட்டைதான். கண்ணைத் திறக்கப் போனாள். திறந்தால் டீ ஊற்ற வேண்டும். திறக்கவில்லை.

“தலைவரே,” குராமோச்சியின் குரல் ரகசியமாகக் கேட்டது. “முதலாளியம்மா தூங்கறாங்களா?”

“சேச்சே. கண்ணை மூடிட்டு யோசிக்கறா.”

“யோசனை ரொம்ப பலமா இருக்கே. பலகை ஆடுது.” டீயை உறிஞ்சுகிற சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு. “பாவம். யாவாரம் இல்லாத கவலைதான் இப்படி ஆளைச் சாய்க்குது.”

“யாவாரம் இல்லியா?”

“என்கிட்ட மறைக்காதீங்க தலைவரே. நான் எப்ப வந்தாலும் கடையில ஈ காக்கா கிடையாது. நான் ஒருத்தன்தான் உக்காந்திருக்கேன். இப்படியே போனா இழுத்து மூடிடுவாங்களேன்னு மனசு கேக்கல. அதான் தினம் வர்றேன், இருக்கறதுலயே உசத்தியா வாங்கித் திங்கறேன். டாக்டர் சோயா சாஸைத் தொட்டா கையை உடைப்பேங்கிறார். நேத்து கனவுல ஒரு சூரை மீன் என்னைத் தண்டவாளத்து மேலயே துரத்துது.”

யாசுஜி கத்தியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“ஐயா,” என்றார் கடைசியில், “நாங்க ரெண்டு மணிக்கு மூடிடுவோம்.”

“எந்த ரெண்டு மணி?”

“இந்த ரெண்டு மணிதான். எங்கப்பா காலத்துலேர்ந்து.”

“தினமுமா?”

“தினமும். பதினோரு மணிக்கு வந்து பாருங்க, சந்து முனை வரைக்கும் நிக்கறாங்க. நீங்க வர்றது அவ தூங்கற நேரம்.”

குராமோச்சியின் கோப்பை பலகையில் இறங்குகிற சத்தம் மெல்லக் கேட்டது.

“அப்ப நீங்க என்னை ஏன் உள்ளே விட்டீங்க?”

“வீட்ல தனியா இருக்கீங்களேன்னுதான்...”

“நான் எங்க தனியா இருக்கேன்? என் தங்கச்சி, அவ புருஷன், பசங்க, பசங்களோட பசங்க எல்லாம் என் வீட்டுக்கு வந்து ஆறு மாசமாச்சு. சுவத்தைப் பார்க்கணும்னாகூட வரிசையில நிக்கணும்!”

கினுயேவின் தொண்டைவரைக்கும் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அதைக் கீழே தள்ளினாள். கன்னத்துக்கு அடியில் பலகை சில்லென்று இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து, சறுக்குக் கதவு கிரீச்சிடாமல் இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்து, ஊதாத ரயில் மாதிரி போய்விட்டார். யாசுஜி அங்கேயே நின்றார். கினுயே ஐந்து மணி வரைக்கும் அப்படியே கிடந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று நினைத்துக்கொண்டாள். நாளைக்குத் தலையணையோடு.

மறுநாள் கடிகாரம் இரண்டடித்து முடிப்பதற்குள் திரை உள்ளே வந்துவிட்டது. யாரும் திரைக்குக் கீழே நுழையவில்லை. கினுயே மாடிக்கு ஏறினாள். மெத்தையை விரித்தாள். கம்பளியைக் கழுத்துவரை இழுத்தாள். ஒரு கால் கனவுக்குள் போய்விட்டது. இரண்டாவது கால் போய்க்கொண்டிருந்தது.

“மன்னிக்கணும்! மன்னிக்கணும்!”

கீழே வந்து பார்த்தாள். குராமோச்சி நின்றிருந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்து நெரிகிற டை. கையில் பட்டுத் துணியில் சுற்றிய இனிப்புப் பெட்டி, பச்சைக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. தலை முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார்.

“மூணு வாரமா உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டேன் முதலாளியம்மா. நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கலைன்னா எனக்குத் தூக்கம் வராது.”

“அதுக்கு இந்த நேரமாய்யா?”

“கூட்ட நேரத்துல வந்தா தொந்தரவாயிடுமேன்னுதான்...”

“ஐயய்யோ, எதுக்குங்க இதெல்லாம்!” யாசுஜி ஓடிவந்தார். “உள்ளே வாங்க, உக்காருங்க. ஏய், டீ!”

கினுயேவுக்கு மிச்ச மத்தியானம் முழுவதும் கண்முன்னால் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவரை உட்காரவைக்காமல் அனுப்புகிற வீடு எங்கள் ஊரில் கிடையாது. அவர் வேண்டாம் என்பார், இவர் கட்டாயம் என்பார். பெட்டியை இவர் தள்ளுவார், அவர் திருப்பித் தள்ளுவார். பிறகு டீ. டீக்கு மேல் டீ. பெட்டியைப் பிரித்து ஆளுக்கொரு பயற்று இனிப்பு. அதற்கு ஒரு டீ. இன்னும் ஆறு மாதத்துக்கு இந்த மன்னிப்பை யாசுஜி விடமாட்டார். வருஷப் பிறப்புக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டி போகும், அதற்குப் பதிலாக அவர் ஒரு பெட்டி கொண்டுவருவார், எல்லாம் இரண்டு மணிக்கு.

அவள் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முறைப்படி குனிந்தாள். நிமிர இடுப்பு கொஞ்சம் யோசித்தது.

“மன்னிச்சாச்சு ஐயா. நெஜமாவே, முழுசா மன்னிச்சாச்சு. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லை. இனிமே மன்னிப்புக் கேக்க வராதீங்க. இப்ப நான் மேல போய்ப் படுக்கறேன்.”

யாசுஜியின் வாய் திறந்தது. “விருந்தாளி வந்திருக்கார்...”

“உங்க விருந்தாளி. ரெண்டு பேரும் டீ குடிங்க.”

“டீ யாரு போடறது?”

“இவர் ரயிலையே நிறுத்தினவர். நீங்க இத்தாம் பெரிய மீனைப் பிளக்கறவர். ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு கெட்டில் தண்ணி கொதிக்காதா?”

படியேறினாள். கை பிடித்து, ஒவ்வொரு படியாக. கம்பளி இன்னும் சூடாறவில்லை.

கீழே அலமாரி திறந்தது, மூடியது. இன்னொன்று திறந்தது.

“ஏய், டீ டப்பா எங்கே?”

கினுயே பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அரிசி மூட்டை தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“தலைவரே, கத்தாதீங்க, தூங்கறாங்க.”

“எங்க தூங்கறா, இப்பத்தானே போனா. ஏய்!”

“இதோ இது டீ மாதிரி இருக்கே.”

“அது காஞ்ச கடல்பாசிங்க.”

“கொதிச்சா என்ன, டீயும் பச்சை, இதுவும் பச்சைதானே.”

ஏதோ ஒன்று தரையில் விழுந்தது. அவளுடைய இரண்டு கால்களும் எழுந்திருக்கத் துடித்தன. கம்பளியை இறுக்கிச் சுற்றி அவற்றைக் கட்டிப்போட்டாள். விழுந்தது கோப்பையா, கெட்டிலா, உடைந்ததா, உருண்டதா என்று காது மட்டும் கீழே போய்த் தேடிக்கொண்டிருந்தது. தேடிக்கொண்டிருக்கும்போதே அதற்கும் ஒன்றும் கேட்காமல் போனது.