இருதயம்மாள் தெருவில் கொட்டிய மூட்டை

போத்தனூரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் இருதயம்மாள் அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. இன்றுவரை கடலைப் பார்த்ததில்லை. ஆனால் மூட்டையை அவிழ்க்காமலே வாடையை வைத்து மத்தியா, வாளையா என்று சொல்லிவிடுவார். பதினாறு வருடமாக அவருக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். அந்த மூட்டையை இறக்கியவனும் நான்தான்.

நெத்திலியோடு சில சமயம் காய்ந்த கடல்குதிரையும் கலந்து வரும். விரல் நீளம், குதிரை மூஞ்சி, சுருட்டிய வால். பிள்ளைக்குக் கக்குவான் இருமல் என்று வந்தவர்களுக்கு அக்கா அதைச் சும்மாவே கொடுப்பார். கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டுவார்கள். நானும் என் மகளுக்குக் கட்டியிருக்கிறேன். இருமல் போகவில்லை.

ஒருநாள் ஒன்றை எடுத்தபோது அதன் வயிறு உடைந்து சீரகம் மாதிரிக் குட்டிகள் உதிர்ந்தன. கருவாடு வாங்க வந்திருந்த ரெபேக்கா டீச்சர் சொன்னார்: "இதுல ஆணுதாங்க்கா குட்டி சுமக்கும். இழுவை வலை கடலடியில இருக்கற புல்லையே வழிச்சுட்டுப் போகுது, வாலைச் சுத்திப் புடிச்சு நிக்க இடமில்ல. மிச்சத்தை மருந்துன்னு வெளிநாட்டுக்குக் கடத்துறாங்க. புலியைக் கொன்னா என்ன கேஸோ அதேதான் இதுக்கும்."

அன்றோடு கொடுப்பதை அக்கா நிறுத்தினார்.

போன பங்குனியில் நான் இறக்கிய நாலு மூட்டையில் ஒன்று எடை குறைவு. அக்கா பிரித்தார். மேலே ஒரு சாண் நெத்திலி, கீழே முழுக்கக் கடல்குதிரை. பின்னாலேயே தனபால் வந்துவிட்டார். அக்காவுக்கு மொத்தச் சரக்கும் அவர் கொடுப்பதுதான். வேறு ஆள் கிடையாது.

"அதைக் கட்டி உள்ள வைய்யிங்க்கா. சாயங்காலம் ஆள் வந்து எடுத்துக்கும். கருவாட்டு வாடையில ஒருத்தனும் மோப்பம் புடிக்க மாட்டான்."

"என்ற கடையில வேண்டாமுங்க."

"கடலையே பார்க்காத உங்களுக்குக் கடல்குதிரை மேல என்ன பாசம்?"

"சொர்க்கத்தையுந்தான் பார்த்ததில்லைங்க. அதுக்காகத் திருட்டுக்குக் காவல் நிக்கோணுமா?"

"ஊருக்கெல்லாம் கயித்துல கட்டிக் கொடுத்தது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க. தெரியாம செஞ்சுபோட்டேன். இப்பத் தெரியுது" என்றார் அக்கா.

"அப்ப நாளையிலிருந்து லோடு வராது."

அக்கா மூட்டையின் அடியைப் பிடித்தார். என்னைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, மரமாட்ட நிக்கறீங்க? ஒரு கை புடிங்க" என்றார். பிடித்தேன். நடுத்தெருவில் கொட்டினோம். ஆயிரம், இரண்டாயிரம் இருக்கும். எல்லா வாலும் எதையோ பிடிக்கப் போவது போலவே சுருண்டிருந்தது. கூட்டம் கூடியது. தனபால் பைக்கை எடுத்தார். கூட்டத்தோடு வந்திருந்த ரெபேக்கா டீச்சர் வனத்துறைக்குப் போன் போட்டார். வந்தவர்களிடம் தன் பெயரையும் கடை விலாசத்தையும் அக்கா சத்தமாகச் சொல்லி, கையெழுத்துப் போட்டார்.

சொன்னபடியே லோடு நின்றது. மறுநாள் அரைக்கூடை நெத்திலியைப் பரப்பி வைத்துக்கொண்டு அக்கா வழக்கமான நேரத்துக்குக் கடை திறந்தார்.

"என்னக்கா, கடை காலியா கெடக்குது?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை பாலக்காட்டுச் சந்தைக்கு ரயில்ல போயி நானே சரக்கு எடுத்தாறேன். ஆட்டோவைக் கழுவி வைய்யிங்க. அந்த மூட்டை ஏறுன வண்டியில கழுவாம என்ற சரக்கு ஏறாது."

கழுவினேன். இரண்டு தடவை.