யுரேனியத்துக்குக் காவல்

ஜொகூரின் கெலாங் பாத்தாவில் ஒரு காலிக் கடைவீட்டின் பின்னறையில், இரண்டு பூட்டுப் போட்ட இரும்புக் கூண்டுக்குள் யுரேனியம் இருந்தது. அதற்குக் காவல் நான். சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் பயப்படுவார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. சோற்றுப்பானை அளவுள்ள ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஆனால் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அது போய்த் தொலைந்தால் ஸ்கூடாய் வீட்டை விற்றுவிட்டு, பெர்த்தில் மகன் வீட்டில் இருக்கும் என் மனைவியோடு போய்ச் சேர்ந்துவிடலாம். அதுவோ போகிற வழியைக் காணோம்.

வெல்டிங்கைப் படம் பிடிப்பது எங்கள் தொழில். குழாயையோ தொட்டியையோ ஒட்டவைத்த இடத்தில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று கதிர்வீச்சில் படம் எடுத்துச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது. அதனால் மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரம் எங்களுக்கு வேலை நேரம். பொந்தியான் பக்கம் ஒரு தொட்டி வேலைக்கு மாதக்கணக்கில் போய் வந்தேன். கயிறு கட்டி, சிவப்பு விளக்கை எரியவிட்டு, எல்லோரையும் துரத்திவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். வேலை முடிந்து நான் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போகும்போது மேசை துடைத்துக் கிடக்கும். மிச்சம் மீதி ஆட்கள் இருந்தாலும் என் பக்கத்தில் உட்கார யோசிப்பார்கள். என் சட்டையில் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வராது என்று விளக்கிப் பார்த்தேன். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். தனியாகச் சாப்பிடுவது அன்றைக்கே பழகிவிட்டது.

கதிரை வீசுவது மிளகு அளவு ஒரு உலோகத் துணுக்கு. அது வேலை செய்யாத நேரத்தில் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் கதிர் வெளியே வராமல் தடுக்க வேண்டுமானால் சுற்றிலும் கனமான சுவர் வேண்டும். ஈயத்தைவிடக் கனமானது யுரேனியம். மண்ணிலிருந்து தோண்டி, சுத்தம் செய்து, சுழற்றிச் சுழற்றி, அணு உலைக்கு வேண்டிய சத்தைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவார்கள். பால் பிழிந்த தேங்காய்ப்பூ மாதிரி மிஞ்சுகிற சக்கையை இப்படிப் பெட்டிகளுக்குள் வார்க்கிறார்கள். எந்த நாட்டு மண்ணில் தோண்டியதோ, எந்த ஊரில் பிழிந்ததோ, கடைசியில் ஜொகூரில் என் தலையில் வந்து விடிந்தது.

வேலை குறைந்து கம்பெனி மூடியபோது, துணுக்கைச் செய்தவர்களுக்கே முறைப்படி திருப்பி அனுப்பினோம். தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, அதோடு தலைவலி தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டார். பெட்டியில் ஒட்டியிருந்த எச்சரிக்கைப் படத்தை அவரே நகத்தால் சுரண்டி எடுத்து, பழைய மேசை நாற்காலிகளோடு இரும்புக்கடை லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள். கைவிளக்கு மாதிரி, பேட்டரியை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் கூடு என்று நினைப்பு. பெட்டியே யுரேனியம் என்பதும், அந்தச் சக்கைக்குக்கூட உலகமே கணக்குக் கேட்கும் என்பதும் மறந்துபோய்விடும். நான் லாரிக்கு முன்னால் போய் நின்று கத்தினேன். லாரிக்காரர் பயந்துபோய் பெட்டியை நடைபாதையில் இறக்கி வைத்துவிட்டு ஓடிவிட்டார். தவுக்கே என் தோளைத் தட்டி, "உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்லா, நீயே பாத்துக்க" என்றார். அடுத்த மாதம் அவர் வேறு நாட்டுக்குக் குடிபோனார்.

அரசு அனுமதிப் பத்திரத்தில் பொறுப்பாளர் என்று இருந்தது என் பெயர். என் பெயரை எடுக்க வேண்டுமானால் இன்னொரு தகுதியான ஆள் வேண்டும், இல்லை பெட்டி நாட்டை விட்டுப் போக வேண்டும். பெட்டியைச் செய்த கம்பெனியையும் எப்போதோ மூடிவிட்டார்கள். வேறு யாராவது எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும்வரை காத்திருங்கள் என்று அனுமதி கொடுக்கும் அரசு அலுவலகத்தில் மரியாதையாகத்தான் சொன்னார்கள். விட்டுவிட்டு விமானம் ஏறியிருக்கலாம். பூட்டை உடைத்து எவனாவது தூக்கிக்கொண்டு போய் உலையில் போட்டு உருக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு போக முடியவில்லை. பொறுப்பு என்று நான் சொல்வேன். என் மனைவி அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்திருந்தாள்.

அவள் முதலில் போனாள். மருமகளுக்குப் பிரசவம், யாராவது போயாக வேண்டும். குழந்தை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது, பகலில் காப்பகத்துக்கும் போக ஆரம்பித்தது. அவள் அங்கேயே இருந்தாள். இனி எல்லோரும் அங்கேதான் என்று மகன் முடிவு செய்து, இங்கே ஒரு ஏஜென்ட்டிடம் வீட்டை விற்பதைப் பற்றிப் பேசியும் வைத்துவிட்டான். பெட்டி போனதும் சொல்கிறேன் என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.

தினமும் காலையில் ஸ்கூடாய் நெரிசலில் ஊர்ந்து கெலாங் பாத்தா போவேன். பூட்டைத் திறந்து, கதிர்வீச்சு மீட்டரைப் பெட்டியருகே பிடித்து, லேசாக டிக் டிக்கென்று கேட்டதும் மறுபடி பூட்டுவேன். வாரம் ஒரு தடவை போனால் போதும். ஆனால் வீட்டில் இருந்தால் மட்டும் யார் பேசப் போகிறார்கள். மதியம் பக்கத்து மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சாப்பாடு. கல்லாவில் இருப்பவர் நான் உட்காருவதற்கு முன்னாலேயே எதிர் நாற்காலியை எடுத்து வேறு மேசைக்குப் போட்டுவிடுவார், அங்கே இடம் போதாது என்று. நியாயம்தான். ஆனாலும் ஒருநாள் எரிச்சலில், இன்றைக்கு ஆள் வருகிறது, நாற்காலி இருக்கட்டும் என்று பொய் சொன்னேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பெர்த்துக்கும் நமக்கும் நேரம் ஒன்றுதான். பேசாமல் இருப்பதற்கு அதைச் சாக்குச் சொல்ல முடியாது. சாயங்காலம் அழைப்பாள். உங்க சின்ன வீடு எப்படி இருக்கு என்று பெட்டியைத்தான் முதலில் கேட்பாள். போற மாதிரி தெரியவில்லை என்று நான் புலம்புவேன். அதைக் கேட்ட பிறகுதான் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாள். பெட்டி மட்டும் போகட்டும், மறுநாளே பறந்து வந்துவிடுகிறேன் என்பேன். சரி என்பாள். அதற்குமேல் பேச்சு ஓடாது. தீபாவளியன்று எல்லோரும் திரையில் வந்து கையாட்டினார்கள். போனை வைத்த பிறகு வீட்டில் கவிந்த அமைதியைத் தாங்க முடியாமல், புதுச்சட்டையோடு பெட்டியைப் பார்க்கப் போனேன்.

போன மாதம் வழி பிறந்தது. வெளிநாட்டில் ஒரு நிறுவனம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டது. ஒரு காலையில் வேன் வந்தது. இரண்டு பேர் அளந்து பார்த்தார்கள், முத்திரை வைத்தார்கள், என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான் வாங்கிவைத்த தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது. காலிக் கூண்டின் முன்னால் நின்றபடியே மனைவியை அழைத்தேன்.

"போயிடுச்சு" என்றேன்.

கூண்டின் கதவை இழுத்துச் சாத்தினேன்.

"ஏஜென்ட்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

இனிமேல்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

"சொல்லாதீங்க." அழுகிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. "அந்தப் பெட்டி இருக்கிற வரைக்கும் வீடும் இருக்கும்னு நெனச்சேன். தினமும் விளக்கேத்துறப்ப அது போகக் கூடாதுன்னுதாங்க வேண்டிக்கிட்டேன்."

பகலெல்லாம் அங்கே அவள் ஒருத்திதானாம். மகன், மருமகள், குழந்தை மூன்று பேரும் காலையில் போய்விட்டால் சாயங்காலம்தான் திரும்புவார்களாம். மதியம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டுவிடுவாளாம். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை நாள் வாயைத் திறந்து சொல்வதற்கென்ன என்று அதட்டினேன்.

"எப்படிங்க சொல்றது? மகனுக்கு மனசு நோகும். நீங்களும் இங்க வரணும் வரணும்னு துடிச்சிக்கிட்டிருந்தீங்க."

இங்கே வர வேண்டும் என்று நான் துடித்ததில்லை. அவளிடம் போக வேண்டும் என்றுதான் துடித்தேன். அதை நானும் அப்படிச் சொன்னதில்லை.

"நான் வரட்டுமா?" என்று கேட்டாள்.

தன் வீட்டுக்கு வர அவள் என்னிடம் கேட்கிறாள். வா என்ற ஓர் எழுத்தைச் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது.