கிணறு வெட்டுகிறவன் போட்ட ஓடு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் கிணறு வெட்டும் கூட்டங்களோடு திரிந்தேன். கொள்ளேகால், ஓசூர், அரூர் என்று வேலை இருந்த ஊரெல்லாம் போனேன். மோட்டார் கொட்டகையிலும் லாரிக்கு அடியிலும் தூங்கினேன். எண்பதுகளின் நடுவில், பென்னாகரத்துக்கு வெளியே ஒரு மண்சுவர் வீட்டை வாங்கினேன். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. முதல் தடவை பூட்டில் சாவியைப் போட்டுத் திறந்தவன், மறுபடி பூட்டி மறுபடி திறந்தேன், சந்தோஷத்தில்.

கூரையில் பாதி நாட்டு ஓடு உடைந்திருந்தது. மேற்குச் சுவர் போன மழையில் ஊறி உப்பியிருந்தது. இன்னொரு மழை உள்ளே இறங்கினால் சுவர் உட்கார்ந்துவிடும் என்று விற்றவரே சொல்லியிருந்தார். அப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. ஓடு மாற்றுகிறவர்கள் எல்லாரும் தீபாவளி முடியட்டும் என்றார்கள். அறுபதடி ஆழத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறைக்கு வெடி வைத்தவனுக்குப் பத்தடிக் கூரை ஒரு வேலையா என்று நானே ஏறினேன்.

முதல் நாள் மேற்குச் சரிவின் ஓடுகளை இறக்கி, செல்லரித்த சட்டங்களை மாற்றினேன். மறுநாள் விடிந்ததும் முகட்டில் ஆரம்பித்து, வரிசை வரிசையாகக் கீழே இறங்கி வந்தேன். கை அப்படி ஓடியது. வெயில் ஏறுவதற்குள் பாதிச் சரிவு முடிந்துவிட்டது. சீட்டி அடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டில் ஆடு வளர்க்கும் அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

“ஏந்தம்பி, வூட்டுக்குக் கூரை போடறீங்களா, மழத்தண்ணி புடிக்கத் தொட்டி கட்டறீங்களா?”

“ஏங்க்கா?”

“மேல் ஓட்டு மேல கீழ் ஓட்ட ஏத்தி வெச்சிருக்கீங்களே! தண்ணி எப்படி வெளிய போவும்? சந்துல பூந்து நேரா உள்ளதான் வரும்.”

பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஓட்டைத் தாழ்வாரத்தில், அதாவது கூரையின் கீழ் விளிம்பில், ஆரம்பித்து மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே இருக்கும் வரிசையின் தலையை மூட வேண்டும். எனக்கோ மேலே தொடங்கிக் கீழே போவதைத் தவிர வேறு வேலை தெரியாது.

“முன்ன இன்னா வேல செஞ்சீங்க?”

“கெணறு வெட்டனங்க்கா.”

ஆட்டுக் கயிற்றைப் பிடித்தபடி அவர் சிரித்த சிரிப்பில் ஆடே மிரண்டது. “அதான பாத்தன்! இன்னும் நாலு வரிச எறங்கியிருந்தா ஊத்தே கண்டிருக்கும்!” பிறகு கையை நீட்டிக் காட்டினார். “சிரிச்சது போதும். ஒகேனக்கல் பக்கம் பாருங்க, கருகருன்னு வருது. கைய ஓட்டுங்க.”

போட்டதையெல்லாம் பிரித்தேன். தாழ்வாரத்தில் முதல் ஓட்டை வைத்து மேலே ஏறினேன். சோறு தின்னவில்லை. விரல் நுனிகளில் தோல் உரிந்தது, அது பழகியதுதான். காற்று மண்வாசனையைக் கொண்டுவந்து முகத்தில் அடித்தபோது எனக்குப் பயம் வரவில்லை, ஒரே வேகம்தான் வந்தது. வெடிக்கு நெருப்பு வைத்துவிட்டு மேலே ஏறி வரும்போது உடம்பில் ஓடுமே ஒன்று, அதேதான். கடைசி முகட்டு ஓட்டை வைக்கும்போது முதல் துளி என் முதுகில் விழுந்தது.

குதித்து உள்ளே ஓடினேன். மழை கூரையைப் போட்டு அடித்தது. அடுப்புக்கு நேர் மேலே ஒரே இடத்தில் சொட்டியது. விலகியிருந்த ஓட்டை உள்ளிருந்து ஒரு குச்சியால் நெம்பிச் சேர்த்தேன். நின்றது. மேற்குச் சுவர் முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். ஒரு சாண் இடம் விடாமல் காய்ந்தே இருந்தது.

“ஒழுவுதா தம்பி?” என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“இல்லீங்க்கா! ஒரு சொட்டு இல்ல!”

அதைக் கத்திச் சொல்ல வெளியே வந்தவன் உள்ளே போகவில்லை. தாழ்வாரத்து ஓட்டுத் தண்ணீர் சுவரைத் தொடாமல் தள்ளி விழுவதைப் பார்த்தபடி, தலை முதல் கால்வரை நனைந்துகொண்டு, என் வீட்டுக்கு எதிரே நின்றேன்.